பிறைக்கு ஓர் அறை

இந்த ஊரில் யாராவது வீடு மாறி வந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்கிறது. நானும் என் புருஷன் எல்லப்பனும் மூட்டையோடு இந்த வரிசை வீட்டு முற்றத்தில் வந்து நின்ற அன்று, படார் படார் என்று கதவுகள் மூடிய சத்தத்தைக் கேட்டு ஏதோ புயல் வருகிறது போல, நாமும் சீக்கிரம் உள்ளே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். புயலே நாங்கள்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே உப்பு கேட்பார்கள், விறகு கேட்பார்கள், வாங்கியதைத் திருப்பித் தரமாட்டார்கள் என்று இவர்களுக்கு ஒரு பயம். என்னிடம் ஒரு பானை உப்பு இருந்தது. கேட்டிருந்தால் நானே அள்ளிக் கொடுத்திருப்பேன்.

நம் பக்கத்தில் வீடு மாறுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மணல் திட்டில்தான் எங்கள் குப்பம். முகத்துவாரம் ஓர் ஆண்டு இங்கே திறக்கும், இன்னோர் ஆண்டு அங்கே திறக்கும். கடல் மணலைத் தின்னத் தொடங்கினால் ஊரே நகர வேண்டியதுதான். குடிசைக் கம்புகளைப் பிடுங்கி, கூரையை அப்படியே பத்துப் பேர் தலையில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் கூரைக்கு அடியிலேயே நானும் நடந்து போயிருக்கிறேன். மேலே ஓலை, கீழே சுடு மணல், சுற்றிலும் நைனாவின் கூட்டாளிகளுடைய கால்கள். வெயில் படாமல் வீடு மாறினவள் நான். அங்கே வீடு நகரும், மனிதர்கள் அப்படியே இருப்பார்கள். இங்கே சுவர் அசையாது, மனிதர்களைத்தான் தூக்கி வெளியே வைக்கிறார்கள்.

நம் ஊரில் கோட்டை கட்டியிருக்கிற உலாந்தாக்காரரின் கப்பலேறி, ஜாவாத் தீவில் இருக்கிற இந்தப் பத்தாவியாவுக்குப் படகு வேலைக்கு வர நினைக்கிற நம் குப்பத்து ஆண்களுக்கும், கூட வருகிற பெண்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புகிறேன். எனக்கு எழுதத் தெரியாது. இதே வரிசை வீட்டில் இருக்கிற கணக்கர் எழுதுகிறார். அவரும் பழவேற்காட்டுக்காரர்தான், துணி வியாபாரி ஒருவரிடம் வேலை பார்க்கிறார். எழுத்து அவருடையது, கோபம் என்னுடையது. கோபத்தைக் குறைத்து எழுதட்டுமா என்று கேட்டார். குறைத்தால் கூலியாகத் தருவதாகச் சொன்ன கருவாடு கிடையாது என்றேன். எழுதிக்கொண்டிருக்கிறார்.

அறை பார்க்கப் போகும்போது முதலில் மூக்கை நம்புங்கள். இந்த ஊர் முழுக்க உலாந்தாக்காரர்கள் வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள், தங்கள் ஊர் அப்படித்தான் இருக்குமாம். நீர் ஏறி நிற்கும்போது போய்ப் பார்த்தால் வாய்க்கால் அழகாகத்தான் இருக்கும், ஏமாந்துபோவீர்கள். நீர் வற்றிய வேளையில் போங்கள். அப்போதும் அறைக்குள் மூச்சு விட முடிகிறது என்றால் பேச்சைத் தொடங்குங்கள். அடுத்தது சுவர். சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள், கை வைத்துப் பாருங்கள். ஈரம் உள்ளே இருக்கும். இதற்கு முன்னால் இருந்தவர் எங்கே போனார் என்று கட்டாயம் கேளுங்கள். வேறு தெருவுக்கு என்றால் சரி. மேலே கை காட்டினால் காய்ச்சல் அறை, வந்த வழியே திரும்பிவிடுங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் ஜன்னல் கிழக்கே இருக்கிறதா என்று தேடாதீர்கள். இங்கே கடல் வடக்கே இருக்கிறது. சூரியன் மரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து வருகிறது. முதல் சில நாள் எனக்குத் தலையே சுற்றியது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உதிக்கிற சூரியனை நான் அதுவரை பார்த்ததில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு, அறையைக் கொடுப்பவர்கள் உங்களைப் பார்ப்பார்கள். அதற்குத்தான் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு வரவேண்டும். இந்த வரிசை வீட்டின் சொந்தக்காரி ஒரு விதவை. எல்லோரும் நோனா என்று கூப்பிடுகிறோம். கறுப்புப் பாவாடை, இடுப்பில் சாவிக்கொத்து, வாயில் பாதி பறங்கிப் பேச்சும் பாதி மலாயும். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டுக் கணக்கரிடம் ஏதோ கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒன்னும் நெனச்சுக்காதம்மா. உன்னைய யாரு வெல குடுத்து வாங்குனாங்கன்னு கேக்குறாங்க."

நினைத்துக்கொண்டேன். ஏன் நினைக்கக் கூடாது? பஞ்ச காலத்தில் நம் கோட்டை வாசலில் ஒரு படி அரிசிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோணியில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனபோது அந்தப் பிள்ளைகள் கரையைப் பார்க்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தைய பஞ்சங்களில் அப்படி வந்தவர்களுடைய பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இந்த ஊரில் பாதி. நோனாவின் நெற்றியும் மூக்கும் நம் கரை நெற்றி, நம் கரை மூக்கு. அவளுடைய தாய்வழியில் யாரோ ஒருத்தி அப்படி ஏறி வந்தவளாகத்தான் இருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, என் முகத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. "நா வெலைக்கு வந்தவ இல்ல, எம் புருசன் துடுப்பு புடிச்சி சம்பாரிக்கிற கூலில வாடகை குடுக்க வந்தவன்னு சொல்லு," என்றேன். கணக்கர் பாதிதான் சொல்லியிருப்பார்.

இதில் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். இங்கே அறை என்பது படுத்துக்கொள்கிற இடம் மட்டும் இல்லை. மாலை மணி அடித்த பிறகு நம் நிறத்தில் ஒருவர் தெருவில் நின்றால், எஜமானிடமிருந்து ஓடிவந்த அடிமை என்று காவல்காரன் பிடித்துக் கொட்டடியில் அடைப்பான். "இவர்கள் என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள்" என்று ஒருவர் வாயால் சொன்னால்தான் விடுதலை. ஆக அறை போனால் நம்முடைய பெயரே போய்விடும்.

நோனா எங்களுக்குக் கொடுத்தது நான்காவது அறை. வரிசையில் நான்கே அறைகள். முதல் அறைக்கு வடக்கே ஜன்னல், கடல் காற்று நேராக வரும், கிணறும் பக்கத்திலேயே. அதில் ஒரு சீனக் கிழவர் இருந்தார், எண்ணெய்க் காகிதத்தில் குடை செய்கிறவர். இரண்டாவதில் கணக்கர். மூன்றாவதில் பாலித் தீவிலிருந்து வந்த சலவைக்காரி மேலாத்தி. நான்காவது வாய்க்காலை ஒட்டி நின்றது. ஜன்னல் இல்லை. கீழ்ச்சுவர் எப்போதும் ஈரம். நான்குக்கும் ஒரே வாடகை. எல்லப்பனுக்கு ஏற்கெனவே நெஞ்சில் இழுப்பு உண்டு. அந்த அறையில் படுத்த முதல் வாரமே உட்கார்ந்துதான் தூங்கினான். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் குடி வரும்போது, இந்த அறை எத்தனை நாளைக்கு என்று நோனாவைக் கேட்டிருந்தேன். பிறை பார்த்து ஒரு மாதம், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றாள். எனக்கு அது போதும். ஒரு மாதம் நாற்றம், அடுத்த மாதம் ஜன்னல். பாடு என்றால் அப்படித்தானே?

பாடு என்று சொன்னதும் உங்களுக்குப் புரிந்திருக்கும், இங்கே யாருக்கும் புரியாது. நம் ஏரியில் எல்லா இடமும் ஒன்றில்லை. சில இடத்தில் வலை வைத்தால் இறால் அள்ளும். சில இடத்தில் வெறும் சேறும் பாசியும்தான். அதனால்தான் எந்தத் தண்ணீரும் யாருக்கும் சொந்தமில்லை என்று வைத்தார்கள். ஊர் கூடி, குடும்பத்துக்கு ஒரு சிப்பி பானையில் போட்டு எடுப்பார்கள். எடுத்த வரிசையில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் நல்ல இடத்துக்குப் போவார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. நாலு தோணி வைத்திருக்கிறவனும் தன் பாடு வராத நாளில் கரையில் நின்று வாய் பார்க்க வேண்டியதுதான். நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்த சட்டம் இது. ஒரே வாடகை கொடுக்கிற நாலு குடும்பத்தில் ஒருத்தருக்கு மட்டும் எப்போதும் காற்று, ஒருத்தருக்கு மட்டும் எப்போதும் நாற்றம் என்று ஓர் ஊர் இருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

பிறை தெரிந்த மறுநாள் விடியலில் மூட்டை கட்டினேன். எல்லப்பன், "இன்னா மே, அவங்க யாரும் கௌம்புற மாதிரி தெர்லியே," என்றான். "நம்ம போயி நின்னா கௌம்புவாங்க," என்றேன். உப்புப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் அறை வாசலில் போய் நின்றேன். கிழவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். "ஐயா, எங்க பாடு வந்துடுச்சி. நீங்க ரெண்டாவது வூட்டுக்கு நகருங்க," என்று கையைக் காட்டிச் சொன்னேன். அவர் சிரித்துத் தலையை ஆட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வயதானவர், அவரே தூக்கவேண்டாமே என்று குடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கிழியாமல், வெளியே சுவரோரம் சாய்த்து வைக்க ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு அவர் போட்ட சத்தத்தில் சாத்தியிருந்த கதவெல்லாம் திறந்துகொண்டன. கணக்கர் வேட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டே ஓடி வந்தார். "ஏம்மா அங்கம்மா, இன்னா பண்றே? இது அவரு வூடு!"

"போன மாசம் அவருது. இந்த மாசம் எங்குளுது. நீங்க மூணாவதுக்குப் போவணும் கணக்கரே, இன்னும் மூட்ட கட்லியா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எனக்கு உறைத்தது. இங்கே பாடு கிடையாது என்று அவர் மெல்லச் சொன்னார். முதலில் வந்தவர்கள் நல்லதை எடுத்துக்கொள்வார்களாம், சாகும் வரை வைத்துக்கொள்வார்களாம். எனக்கு வெட்கமாக இருந்தது, ஒரு கணம்தான். அப்புறம் கிழவருடைய ஜன்னல் வழியாக வந்த காற்று என் முகத்தில் பட்டது. பின்னால் எல்லப்பன் இழுத்து இழுத்து இருமினான். வெட்கப்பட வேண்டியது நான் இல்லை என்று தோன்றியது. குடையைக் கீழே வைத்தேன், மூட்டையை முற்றத்தின் நடுவில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன்.

நோனா சாவி குலுங்க வந்தாள். திருடி என்றாள். அடுத்தவர் பொருளில் கை வைத்த கிலிங் என்றாள். நம்மை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மாலை மணி அடிப்பதற்குள் இரண்டு பேரும் வெளியே போக வேண்டும், இல்லையென்றால் இவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது என்று காவல்காரனிடம் சொல்லிவிடுவேன் என்றாள். கணக்கர் இதை முழுவதும் எனக்குச் சொல்லத் தயங்கினார். சொல்லாமலே புரிந்தது. எல்லப்பன் என் தோளைத் தொட்டு, "வா மே, தொறமுகத்துப் பக்கம் எதுனா படகுல படுத்துக்கலாம்," என்றான். மணி அடித்த பிறகு படகிலும் தேடுவார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அதனால்தான் நான் எழுந்திருக்கவில்லை.

"கணக்கரே, நா சொல்றத கொறைக்காம சொல்லு," என்றேன். மூட்டையிலிருந்து நான்கு சிப்பிகளை எடுத்தேன். ஏரிக்கரையில் பொறுக்கியவை, எதற்கென்று தெரியாமல் கூடவே கொண்டுவந்திருந்தேன். முற்றத்து மண்ணில் வரிசையாக வைத்தேன், நான்கு அறைக்கு நான்கு சிப்பி. கடைசிச் சிப்பியை எடுத்து முதலில் வைத்தேன். மற்ற மூன்றையும் ஒரு தள்ளு தள்ளினேன். மறுபடி கடைசியை எடுத்து முதலில் வைத்தேன். "நாலு பேரும் ஒரே வாடகை குடுக்குறோம். நாலு மாசத்துல நாலு பேருக்கும் ஒரு தபா காத்து வரும், ஒரு தபா நாத்தம் வரும். இதுல யாருக்கு நட்டம்?"

நோனா சிரித்தாள். இது என் வீடு, இங்கே யார் எங்கே இருப்பது என்று நான்தான் சொல்வேன் என்றாள்.

"ஒன் வூடுதான். நா இல்லன்னு சொல்லல. ஒங்க உலாந்தாக்காரங்க கோட்ட எங்க ஊருல எதும்மேல நிக்கிது தெரியுமா? எங்க வல காஞ்ச மணலுமேல. யாரோ ஒரு ராசா பட்டயம் குடுத்தாராம், எங்கள ஒரு வார்த்த கேக்கல. அத்தினி வருசமா ஒக்காந்துகினு கீறாங்களே, நாங்க வாடகை கேட்டமா? மணி அடிச்சி வெளிய போன்னு சொன்னமா? நா வாடகை குடுத்துட்டு ஒக்காந்து கீறேன். எழுந்துக்க மாட்டேன். காவக்காரன இங்கயே வரச் சொல்லு."

கணக்கர் இதைக் குறைக்காமல்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் சொல்லி முடித்ததும் அவருக்கே வியர்த்துவிட்டது. அப்போது மூன்றாவது அறைக்காரி மேலாத்தி முற்றத்துக்கு வந்து குனிந்து சிப்பிகளைப் பார்த்தாள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவள். தன் சிப்பியை விரலால் தொட்டாள், ஒரு தடவை நகர்த்தினாள், இன்னொரு தடவை நகர்த்தினாள். இந்தப் பிறைக்கு அவளுக்கு என் நாற்ற அறை, அடுத்த பிறைக்கு ஜன்னல். ஜன்னல் இருந்தால் மழைக்காலத்திலும் துணி காயும். "கிலிரான்," என்றாள். இவர்கள் மொழியிலும் முறைவைப்புக்கு ஒரு சொல் இருக்கிறது, பாருங்கள். உள்ளே போய்த் தன் சலவைத் தொட்டியைத் தூக்கி வந்து என் மூட்டைக்குப் பக்கத்தில் டப்பென்று வைத்தாள்.

கணக்கர் மட்டும் சிப்பிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்குத் தெரிந்தவர் அல்லவா, எங்கள் மூன்று பேரில் தனக்குத்தான் ஜன்னல் கடைசியாக வரும் என்று கண்டுபிடித்துவிட்டார். "ஏம்மா, நிச்சயமா வருமா?" என்று கேட்டார். "பாடு என்னைக்கு வராம இருந்துது?" என்றேன். பழவேற்காட்டுக்காரர், இதற்கு எதிர்ப்பேச்சு பேச முடியாது. அவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று குடும்பத்து மூட்டையும் முற்றத்தில். அது காய்ச்சல் காலம், தெருவில் வாடகைக்கு ஆள் இல்லாமல் கிடந்த அறைகள் எத்தனையோ. நோனாவுக்கு அது தெரியாதா?

கிழவர்தான் முடித்து வைத்தார். அவருக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. எந்த அறையில் இருந்தாலும் குடைகளை முதல் அறை வாசலில்தான் காயவைப்பேன், குடைகளைத் தூக்குவது நீங்கள், என் கஞ்சி நேரத்தில் யாரும் வரக்கூடாது என்று மலாயில் சொல்லி மூன்று விரலை நீட்டினார். ஒப்புக்கொண்டோம். நோனா சம்மதம் என்று சொல்லவில்லை. வாடகை குறையாது, சண்டை என்று ஒன்று வந்தால் முதலில் வெளியே போகிறவள் இந்தக் கிலிங்தான் என்று சொல்லிவிட்டு, சாவியைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள். மாலை மணி அடித்தபோது எல்லப்பன் ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டான். நான் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பயம் அப்போதுதான் வந்தது.

ஆகவே நான் ஒரு தடவை வீடு மாறி வந்தவள் இல்லை, பிறைக்குப் பிறை மாறுகிறவள். என் பேச்சைக் கேளுங்கள். சுமக்க முடியாத எதையும் வாங்காதீர்கள். இங்கே மரப்பெட்டி மலிவு, ஆசைப்படுவீர்கள், வேண்டாம். சுவரில் ஆணி அடிக்காதீர்கள், ஆணி அடித்தவருக்கு அந்தச் சுவரை விட்டு எழ மனசு வராது. முதலில் உப்புப் பானை போகட்டும், கடைசியில் பாய். அடுப்பை மட்டும் அணைக்காதீர்கள். வருகிறவருக்கு நெருப்பும், ஒரு குடம் தண்ணீரும், பெருக்கிய தரையும் விட்டுப் போங்கள். உங்களுக்கும் ஒருவர் அப்படி விட்டிருப்பார். கருவாட்டைப் பற்றி எல்லோரும் குறை சொல்வார்கள். நான்காவது அறைக்குப் போகிற மாதம் காயவைத்துக்கொள்ளுங்கள், அங்கே வாய்க்கால் நாற்றத்துக்குப் பழியைப் போட்டுவிடலாம். மேலாத்தியே இப்போது கேட்டு வாங்கித் தின்கிறாள். தெருக்காரர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். பிறை தெரிந்த மறுநாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள், சாத்துவதில்லை.

போன கப்பலில் படகுத் தண்டு வலிக்கிற நம் ஊர்க்காரன் ஒருவன் வந்தான். என் கொழுந்தன் முனியன் சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தான். கடல் மறுபடியும் மணலைத் தின்றுவிட்டதாம், குப்பம் தெற்கே நகர்ந்துவிட்டதாம். எங்கள் கூரையையும் விட்டுவிடாமல் தூக்கிக்கொண்டுபோய்ப் புது மணலில் நட்டுவிட்டார்களாம். பாடு எடுக்கிற பானையில் எங்கள் சிப்பியும் இன்னும் கிடக்கிறதாம். எங்கள் பாடு வந்த நாளில் யாரும் அந்த இடத்தில் வலை வைக்காமல் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டார்களாம். "அண்ணி, ஊருல மொணமொணன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. வர்றதுன்னா வாங்க. வரலன்னா சொல்லிடுங்க, சிப்பிய எடுத்துட்றோம்," என்பது முனியன் கேட்டு அனுப்பிய கேள்வி.

இங்கே எல்லப்பனுக்கு இருமல் குறைந்திருக்கிறது, வேலை இருக்கிறது. அங்கே எங்கள் கூரை புது மணலில் நிற்கிறது, உள்ளே யாருமில்லை. "இன்னா சொல்லி அனுப்பட்டும்?" என்றான் எல்லப்பன்.

"சிப்பில கை வைக்காதன்னு சொல்லு. எப்ப வருவோம்னு கேட்டா, தெர்ல, ஆனா எங்க பாடு எங்குளுதுன்னு சொல்லு. இங்கயும் வுட மாட்டேன், அங்கயும் வுட மாட்டேன்."

பேராசை என்று கணக்கர் சொல்கிறார். இருக்கட்டும். ஒரு கோட்டையையே மணலோடு வைத்துக்கொண்டவர்களுடைய ஊரில் இருந்துகொண்டு, ஒரே ஒரு சிப்பியை நான் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்?

நேற்றுப் பிறை தெரிந்தது. இன்று நாங்கள் நான்காவது அறையிலிருந்து முதல் அறைக்குப் போகிறோம். உப்புப் பானை போய்விட்டது, குடைகளைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், நடுநடுவே இதைச் சொல்கிறேன். ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று வரும், தப்பான திசையிலிருந்து. நம் ஏரியில் எங்கள் பாடு இன்றைக்கா, நாளைக்கா, எனக்குத் தெரியாது. என்றைக்கானாலும் அந்த ஒரு நாள் அந்தத் தண்ணீரில் வலை இறங்காது. இறாலும் மடவை மீனும் எங்கள் பெயரைச் சொல்லி அன்றைக்குப் பிழைத்துக்கொள்ளட்டும்.